போகிற சாயம் யார் பொறுப்பு?

தேசூரில் ஒரு பட்டுப்புடவை தறியை விட்டு இறங்கும்போது நெய்தவருக்குக் கூலி கிடைத்துவிடும். பாவும் ஜரிகையும் கொடுத்தவருக்குச் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும். ஆரணிக் கடையில் அது விலையாகி, கல்யாண வீட்டுக்கும் போய்விடும். அதன் பிறகு அந்தப் புடவை ஒரு தையல் மிஷினுக்கு வரப்போகிறது என்பதை இவர்களில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஃபால்ஸ் வைக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும், புடவையோடு சேர்த்து நெய்த ஜாக்கெட் பிட்டை லைனிங் கொடுத்துத் தைக்க வேண்டும். சாயம் சரியாக நிற்காத மெரூன் ஜாக்கெட் ஒன்றைத் தைத்து எடுத்தால் ஊசித் தட்டின் மேல் இளஞ்சிவப்பாய் ஒரு படலம் கிடக்கும். துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவில் அதே நிறத்தில் பஞ்சு அடைந்திருக்கும். அடுத்ததாக அதே மிஷினில் ஏறுவது வேறொருவரின் சந்தன நிற ஜாக்கெட்.

கறை அங்கேதான் விழுகிறது. விழுந்த கறைக்கு ஈடு கொடுப்பவரும் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிப் பக்கம் இருக்கும் பேரூராட்சியான தேசூர், ஆரணிப் பட்டு என்ற பெயருக்குள் வரும் நெசவு ஊர்களில் ஒன்று. அந்தப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இப்படிப் பெயர் பெற்ற துணியின் சாயம் தைப்பவரின் மிஷினில் இறங்கினால் அதற்கு யார் பொறுப்பு என்று எந்த ரசீதிலும், எந்த முத்திரையிலும் எழுதியிருப்பதில்லை. எழுத வேண்டும். அதற்கு முன்னால், சாயம் ஏன் இறங்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

பட்டு ஒரு புரதம். கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும், எடையில் ஏறக்குறைய கால் பங்கு. சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் நூலை வேகவைத்து அதை நீக்குவார்கள். பசை போகாமல் நின்ற இடத்தில் சாயம் சீராக ஏறாது. பசை நீங்கிய நூலில் இன்று பெரும்பாலும் ஆசிட் சாயம்தான் ஏற்றப்படுகிறது. தொட்டியில் லேசான அமிலம் இருந்தால் பட்டிலுள்ள அமினோ தொகுதிகள் சாயத்தின் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சூடு மெதுவாக ஏற வேண்டும், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே போதுமான நேரம் நிற்கவும் வேண்டும். அவசரப்பட்டால் சாயம் இழைக்குள் புகாமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடும்.

மெரூன், கத்திரிப்பூ, கருநீலம், கறுப்பு போன்ற அடர் நிறங்களில் இந்தச் சிக்கல் அதிகம். நிறம் ஆழமாக வர வேண்டுமென்று பட்டு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மேலேயே சாயம் போடப்படும். மிச்சத்தைப் பல தண்ணீரில் அலசித் தள்ள வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடான கோடையில், அல்லது முகூர்த்த மாத நெருக்கடியில், கடைசி இரண்டு அலசல்கள் விட்டுப்போனால் அந்த மிச்சம் நூலோடு தறிக்குப் போகும், புடவையாகும், கடைசியில் தையல் மிஷினில் உராயும்போது கழன்று வரும். நன்றாகச் சாயமேற்றி நன்றாக அலசிய பட்டு இப்படிச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைமுறை தாண்டிய பல புடவைகளில் உடலின் நிறம் கரையில் ஒட்டாமல் நிற்கிறது. ஆகவே இது பட்டின் குணமல்ல, வேலையின் குறை.

சாயம் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்று அளக்க உலகம் முழுவதும் ஒரு சோதனை உண்டு. கிராக்மீட்டர் என்பது அந்தக் கருவியின் பெயர். வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை விரல் போன்ற முனையில் கட்டி, சுமார் 900 கிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தில், சாயத்துணியின் மேல் 10 முறை முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். முதலில் உலர்ந்த துண்டு, பிறகு ஈரத் துண்டு. வெள்ளைத் துண்டில் ஏறிய கறையைச் சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பெண் தருவார்கள். 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் துணியைத் தொடவே பயப்பட வேண்டும். சர்வதேசத் தரத்தில் இதற்கு ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 என்று எண். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் உராய்வுச் சோதனைக்குத் தரநிலை வைத்திருக்கிறது.

தையல் மிஷின் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். பிரஷர் ஃபுட் மேலிருந்து அழுத்துகிறது, கீழிருந்து பற்கள் கடித்து நகர்த்துகின்றன, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு உராய்வு. கழுத்துப் பட்டியிலும் கை மூட்டிலும் துணி நான்கு மடிப்பாக இருக்கும்போது அழுத்தம் இன்னும் கூடும். நடுவில் இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் தண்ணீர் தெளிப்பும் சேர்ந்தால் ஈரச் சோதனையும் முடிந்துவிடும். சாயப்பட்டறையிலும் கடையிலும் நடந்திருக்க வேண்டிய பரிசோதனை, கூலி இல்லாமல், தையல்காரப் பெண்ணின் மிஷினில் நடக்கிறது.

விழுந்த கறையை எடுப்பது முடியாத காரியம் இல்லை. கெடுதல் பெரும்பாலும் தவறான வைத்தியத்தால்தான் வருகிறது. முதலில் ஈரத்துணியை எடுக்கக் கூடாது. மோட்டார் மிஷினாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசியையும் பிரஷர் ஃபுட்டையும் கழற்றி, ஊசித் தட்டின் திருகுகளைத் தளர்த்தி, பாபின் கேஸை வெளியே எடுத்து, காய்ந்த பிரஷ்ஷால் சாயம் ஏறிய பஞ்சு முழுவதையும் தட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன்பே ஈரம் பட்டால் அந்தப் பஞ்சு வண்ணக் குழம்பாகி இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். குரோம் பூச்சிலும் எஃகிலும் சாயம் உள்ளே புகாது, எண்ணெயோடு கலந்து மேலே படலமாகத்தான் நிற்கும். ஆசிட் சாயம் நீரில் கரையக்கூடியது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு துளி விட்டு, பழைய பருத்தித் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து துடைத்தால் உலோகப் பாகங்களில் அநேகமாக எல்லாமே வந்துவிடும். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மிஷின் ஆயில் விட வேண்டும். ஈரத்தை விட்டுவைத்தால் துரு பிடிக்கும், துருவின் கறை சாயக் கறையைவிடப் பிடிவாதமானது.

வெளிர் நிற பிளாஸ்டிக் உடம்பும் மரப் பலகையும் வேறு ரகம். அவை நாளாக ஆகச் சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் பேக்கிங் சோடாவைக் குழைத்து மெதுவாகத் தேய்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முதலில் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் துடைக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவரையும் தின்னரையும் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. ரிமூவர்கள் பலவற்றில் உள்ள அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

பாட்டி காலத்துக் கறுப்பு மிஷின், தங்கக் கோடும் பூவேலையும் போட்டது, வீட்டில் இருந்தால் அதற்கு ஸ்பிரிட்டே ஆகாது. பழைய சிங்கர் மிஷின்களின் கறுப்புப் பூச்சுக்கு மேல் மினுமினுப்புக்காகப் பூசியது அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரே துடைப்பில் கறையோடு தங்கப் பூவும் போய்விட்டது என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். இவற்றுக்கு மிஷின் ஆயிலைத் துணியில் தொட்டு, பொறுமையாகத் துடைப்பதுதான் பாதுகாப்பு. இன்னொரு செய்தி: நைலானிலும் பட்டைப் போலவே அமினோ தொகுதிகள் உண்டு, ஆசிட் சாயம் அதையும் பற்றும். மிஷினுக்குள் இருக்கும் நைலான் பற்சக்கரம் சிவந்து போயிருந்தால் அதைச் சுரண்டி வெளுக்க முயலத் தேவையில்லை. அது வேலையைக் கெடுக்காது.

பிளீச்சிங் திரவம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சோடியம் ஹைப்போகுளோரைட் இரும்பை அரிக்கும். அதைவிட மோசம், பட்டையே கரைக்கும். ஊசித் தட்டின் இடுக்கில் தங்கிய சில துளிகள் அடுத்த பட்டு ஜாக்கெட்டை மஞ்சளாக்கவும் நைந்துபோக வைக்கவும் போதும். நெசவு ஊர்களில் இன்னொரு ஆசையும் உண்டு. சாயப்பட்டறையில் நிறத்தை உரிக்கப் பயன்படும் ஹைட்ரோஸ் கொஞ்சம் வாங்கி வந்து மிஷினில் போடலாமே என்று. சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற அந்தத் தூள் ஈரம் பட்டால் சூடாகி, மூச்சை அடைக்கும் கந்தக வாயுவை விடும். அது பட்டறைக்கு உரியது, வீட்டுத் திண்ணைக்கு உரியதல்ல.

தேங்காய் எண்ணெயையும் மிஷினுக்கு விடக் கூடாது. மார்கழிக் குளிரில் உறைவது போதாதென்று, நாளடைவில் பிசினாகவும் மாறும். அந்தப் பிசினில் வண்ணப் பஞ்சு ஒட்டிக்கொண்டால் மெக்கானிக்தான் வர வேண்டும்.

எல்லாம் முடித்து, நூல் கோர்த்து, வெள்ளைப் பருத்திக் கழிவுத் துணியில் சில வரிகள் தைத்துப் பார்ப்பது நல்லது. துணியில் நிறம் ஏறாத நிலை வந்த பிறகு வாடிக்கையாளரின் துணியை எடுக்கலாம். அனுபவமுள்ள தையல்காரர்கள் வெளிர் நிறங்களை முதலில் முடித்துவிட்டு அடர் நிறங்களை நாளின் கடைசியில் வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். இன்னொரு எச்சரிக்கை நடவடிக்கைக்குச் செலவே இல்லை. பட்டு கையில் வந்ததும் தையல் விளிம்பில், உள்பக்கமாக, ஈர வெள்ளைத் துணியால் 10 முறை தேய்த்துக் காட்டிவிடலாம், துணி கொடுத்தவரின் கண்ணெதிரிலேயே.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது தமிழ்நாட்டு வீடுகளின் அசையாத நம்பிக்கை. பருத்திக்குச் சாயமேற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயத்தை இழையை நோக்கித் தள்ள அது உதவும். முடிந்துபோன துணியை உப்பில் ஊறவைப்பதால் எதுவும் பிணைவதில்லை, தளர்ந்த சாயம் கொஞ்சம் தண்ணீரில் போவதோடு சரி. வாங்கியவர் வீட்டில் செய்யும் எந்தப் பரிகாரமும் பட்டறையில் விட்டுப்போன சூட்டையும் அலசலையும் ஈடுசெய்யாது.

இந்தக் குறையை ஒரு காலத்தில் உலகம் விலை கொடுத்து வாங்கியது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். சென்னையிலிருந்து போன கட்டம் போட்ட கைத்தறித் துணி 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளுக்குச் சட்டைகளாகச் சென்றது. துவைத்ததும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து வழிந்தன, வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். ஏற்றுமதி செய்தவர் பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய சி.பி. கிருஷ்ணன் நாயர். சாயம் வழிவதையே அந்தத் துணியின் சிறப்பாகச் சொல்லி ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்ததும் நிலைமை தலைகீழானது என்று நாயர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் அது நாகரிகமே ஆனது. ஒவ்வொரு சலவைக்கும் புதுத் தோற்றம் காட்டும் சட்டையை ஒருவர் விரும்பி வாங்கலாம். முன்கூட்டியே சொல்லி விற்றால் அதில் தவறில்லை. ஆரணிப் பட்டை வாங்குபவர் அப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு வருவதில்லை. அதைத் தைப்பவர் நிச்சயம் வருவதில்லை.

கறை துணியோடும் மிஷினோடும் நிற்பதுமில்லை. ஊசியில் நூல் கோர்க்க நுனியை நாக்கில் தொட்டு ஈரப்படுத்துவது தையல்காரர்களின் நெடுநாள் வழக்கம். சாயம் படிந்த விரலோடு சோற்றில் கை வைப்பதும் நடக்கிறது. பிராங்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதை 1895ல் எடுத்துச் சொன்னார். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை விதித்தது. இந்தியாவும் 1997ல் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை போட்டது. ஆலைத் தொழிலாளி சுவாசித்ததும் தையல்காரர் விரலில் ஒட்டுவதும் ஒரே அளவல்ல, பீதிக்கு இடமில்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருக்கிறதென்று தமிழ்நாட்டு அரசு அதன் விற்பனையையே தடை செய்தது. துணிச் சாயம் வாய்க்குள் போகக் கூடாது என்று குழந்தைகளுக்காக எடுத்த அக்கறையில் ஒரு பங்கு, நாள் முழுக்கச் சாயத்துணியோடு புழங்கும் பெண்களுக்கும் கிடைக்கலாம். தைத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், நூல் நுனியை வாய்க்குப் பதில் ஈர ஸ்பாஞ்சில் தொடுவதும் பெரிய செலவில்லை.

இந்த மிஷின்கள் பல வீடுகளுக்கு எப்படி வந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இயந்திரங்களை எதிர்த்த காந்தி, 1924ல் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக, சிங்கர் தையல் மிஷினை மட்டும் விதிவிலக்காக வைத்தார். தமிழ்நாட்டு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக இலவசத் தையல் இயந்திரத் திட்டம் நடத்துகிறது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் எனத் துணையற்ற பெண்கள் தங்கள் காலில் நிற்கட்டும் என்ற நல்ல எண்ணம் அது. அப்படி வந்த ஒற்றை மிஷினில், ஒரு ஜாக்கெட்டுக்குக் கிடைக்கும் கூலியில், இன்னொருவரின் பட்டுத்துணிக்கு ஈடு கொடுக்க வேண்டி வந்தால் அந்த வாரத்தின் உழைப்பு போய்விடும்.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரும் விற்பவரும் பொறுப்பு என்கிறது. ஆனால் புடவை வாங்கிய நுகர்வோர் தையல்காரர் அல்ல. கறைபட்ட சந்தன நிற ஜாக்கெட்டின் உரிமையாளருக்கு முன்னால் அவர் சேவை வழங்குபவர், அதாவது பதில் சொல்ல வேண்டியவர். சாயத்தைச் சரியாக நிறுத்தாதவரிடம் அவர் போய் நிற்க வழியில்லை, அவரிடம் வந்து நிற்பவரைத் தடுக்கவும் வழியில்லை. இது நியாயமில்லை.

பட்டை வாங்கும்போது நாம் என்னவெல்லாம் கேட்கிறோம்? ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கேட்கிறோம், கருவியில் வைத்துக் காட்டும் கடைகளும் உண்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004லிருந்து இருக்கிறது, அது இழை சுத்தமான பட்டுதான் என்று உறுதி சொல்கிறது. சாயம் நிற்குமா என்று அது சொல்வதில்லை. சாய உறுதியையும் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்திருப்பது இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட். 2015 ஆகஸ்ட் 7 அன்று முதல் தேசியக் கைத்தறி நாளில் பிரதமர் சென்னையில்தான் அதைத் தொடங்கிவைத்தார். தொடங்கிய மாநிலத்திலேயே அந்த முத்திரையைக் கேட்டு வாங்குபவர்கள் அரிது. விற்பவர்களும் எடுத்துச் சொல்வதில்லை.

சாயக்காரர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. கொதிக்கும் தொட்டிக்கு மேல் குனிந்து நின்று, நூல் கண்டுகளைத் திருப்பித் திருப்பி விடுகிற வேலை அது. கூடுதலாக இரண்டு தண்ணீர் அலசுங்கள் என்று சொல்வது எளிது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், அலசிய சாயநீர் எங்கே போகும் என்பதும் சேர்ந்த கேள்வி. திருப்பூரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனதால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழாகி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. ஆரணிப் பகுதிக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. நல்ல தண்ணீரும் சுத்திகரிப்பு வசதியும் உள்ள பொதுச் சாயச்சாலைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அரசு அமைத்துக் கொடுத்தால் சிறு சாயக்காரர் முழு அலசலும் செய்யலாம், ஊரின் கிணறும் கெடாது. கூலியும் கூட வேண்டும். பட்டுக்கும் ஜரிகைக்கும் விலை ஏறும்போது ஏற்றுக்கொள்ளும் வியாபாரம், சாயத்துக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டித் தருவதை இழப்பாகப் பார்க்கக் கூடாது.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு புடவையின் அட்டையிலும் விலை, அளவு, நிறத்தின் பெயர் ஆகியவற்றோடு உராய்வு மதிப்பெண் இரண்டையும் அச்சிட வேண்டும்: உலர்ந்த நிலையில் இவ்வளவு, ஈர நிலையில் இவ்வளவு என்று. ஜாக்கெட் பிட்டின் ஓரத்திலும் அதைக் குறிக்க வேண்டும், தைப்பவர் கைக்கு வருவது அந்தத் துண்டுதான். உலர்ந்த நிலையில் 4க்கும் ஈர நிலையில் 3க்கும் குறைந்த சரக்கை விற்பவர், அதைச் சொல்லி விற்கட்டும், தையல் கூலியில் கூடுதல் தரவும் தயாராக இருக்கட்டும். காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சோதனையைக் கற்றுத்தர அவர்களால் முடியும். கிராக்மீட்டரின் எளிய வகை கையால் சுழற்றுவது, மின்சாரம்கூட வேண்டாம், ஒரு மேசையின் மூலையில் அடங்கும். ஆரணிச் சந்தையில் ஒன்று, தேசூர் போன்ற ஊர்களின் சங்க அலுவலகங்களில் ஒவ்வொன்று என வாங்கி வைக்கட்டும். அடுத்த தை மாத முகூர்த்தங்களுக்கு நெய்யும் பாவுகளிலிருந்தே தொடங்கலாம்.